மோர்டனில் வெயில்

தவமலர் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் சாமிக்கு வைத்த நேர்த்திக்கடனை லண்டனுக்குக் கொண்டுவந்தாள்.

மிளகாய்த்தூள் கொண்டுவரலாம். ஊறுகாய் கொண்டுவரலாம். கருவாட்டைச் சேலைக்குள் சுற்றி, சுங்க அதிகாரியின் மூக்கைப் பார்த்துப் புன்னகைத்தபடியே கடந்து வந்தவர்கள் எங்களில் உண்டு. நேர்த்தி அப்படியல்ல. அது அந்தந்த ஊர் வானத்தைப் பார்த்து வைக்கிற சாமான்.

எண்பத்தாறாம் ஆண்டு அவளுக்கு விசா வந்தது. கணவர் சபாரத்தினம் முன்னமே வந்து வடலண்டன் எட்மண்டனில் ஒரு வீடு எடுத்திருந்தார். ஊரில் பௌதிகம் படிப்பித்தவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் காசு வாங்கிக்கொண்டிருந்தார். மகன் கணேசலிங்கத்துக்குப் பதினெட்டு வயது கடந்துவிட்டதால் அவனுக்கு விசா இல்லை என்றுவிட்டார்கள். ஒரே பிள்ளை. ஊரிலோ, காலையில் வெளியே போன பிள்ளை மாலையில் திரும்புமா என்று எந்தத் தாய்க்கும் தெரியாத காலம். அவனைத் தாய்மாமன் வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்ட காலையில் தவமலர் கிணற்றடியில் நின்று கிழக்கே எழும்பிய சூரியனைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"என்ர பிள்ளை லண்டனில என்ர வீட்டு வாசற்படி மிதிக்குமட்டும், உன்னைக் கண்டு கும்பிடாமல் வாயில ஒரு பருக்கையும் வைக்கமாட்டன். நீதான் அவனைக் காப்பாத்திக் கொண்டுவந்து தரவேணும்."

அந்த ஊரில் இது ஒரு நேர்த்தியே அல்ல. அங்கே சூரியன் அரசாங்க உத்தியோகத்தன் மாதிரி. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலைவரை நாற்காலியை விட்டு எழும்பமாட்டான். முகம் கழுவி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புட்டைப் பிசைய வேண்டியதுதான்.

அவள் ஹீத்ரோவில் இறங்கியது நவம்பர் மாதம்.

முதல் நாள் சூரியன் இல்லை. களைத்து வந்தவள், அப்படியே படுத்துவிட்டாள். இரண்டாம் நாளும் இல்லை. மாலை மூன்றரை மணிக்கு வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியதும் தவமலர் கணவரைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இஞ்சை சூரியன் எந்தப் பக்கத்தால வாறது?"

"இஞ்சை சூரியன் வாறேல்லை. லீவு எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போயிடும். ஏன், என்ன அலுவல்?"

அலுவலை அவள் சொன்னாள். சபாரத்தினம் கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்து, கடைசியில் இரண்டையும் செய்தார்.

அவர் படித்த மனிதர். மனைவி பட்டினி கிடக்கிறாள் என்றதும் சாத்திரத்துக்குள் ஓட்டை தேடத் தொடங்கினார். "நிலவு வெளிச்சமும் சூரிய வெளிச்சந்தான் அப்பா. பட்டுத் திரும்பி வருது. நிலவைப் பாத்துச் சாப்பிடும்." அவள் மறுத்தாள். தொலைக்காட்சியில் சூரியன் உதிப்பதைக் காட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விமானத்தில் ஏறினால் மேகத்துக்கு மேலே எந்நாளும் வெயில்தான், வாரத்துக்கு எத்தனை தரம் பாரிசுக்குப் போய்வரக் காசு கட்டுப்படியாகும் என்றுகூட விசாரித்தார். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஐயரிடம் கேட்க வைத்தார். "மேகத்துக்குப் பின்னாலும் அவர்தானே அம்மா நிக்கிறார், கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்," என்றார் ஐயர். தவமலர் பணிவாகத் தலையாட்டினாள். வெளியே வந்து, "ஐயர் சொல்லுறது சரி. ஆனா நான் 'கண்டு' எண்டெல்லோ சொன்னனான்," என்றாள்.

இப்படித்தான் லண்டனில் ஒரு பெண் சூரியனைத் துரத்தத் தொடங்கினாள்.

எட்மண்டனில் ஒரு தையல் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே பக்கத்து மெஷினில் இருந்தவள் மெற்றில்டா, யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரி, கத்தோலிக்கம், வாய் கொஞ்சம் பெரிது. தவமலரின் நேர்த்தி தொழிற்சாலை முழுவதும் தெரிந்தது மெற்றில்டாவின் உபயம். பிறகு மெற்றில்டா மோர்டனுக்கு வீடு மாறிப் போனாள். போன பிறகும் விடவில்லை. மோர்டன் லண்டனின் தென்கோடி, எட்மண்டன் வடகோடி. வடக்கே மூடியிருந்தால் தெற்கே சில வேளை திறந்திருக்கும். மெற்றில்டா யன்னலைத் திறந்து பார்ப்பாள். உடனே போன் அடிப்பாள்.

"எடி தவம், மோர்டனில வெயில்! ஓடி வா!"

"உண்மையாவோ? எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நான் என்ன அவருக்குப் பெண்சாதியே, கேட்டுச் சொல்ல? கெதியா வெளிக்கிடு. வெள்ளிக்கிழமை நான் இறைச்சி தின்னாமல் இருக்கிறதே பெரிய பாடு. நீ என்னெண்டு தாக்குப் பிடிக்கிறியோ தெரியாது."

மூன்று வண்டி மாறி, நிலத்துக்குக் கீழே குடைந்துகொண்டு போய், மோர்டனில் படியேறி வெளியே வந்தால் சூரியன் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருப்பான். மெற்றில்டா வாசலில் குடையோடு நின்று மன்னிப்புக் கேட்பாள், ஏதோ தன் வீட்டு விருந்தாளி சொல்லாமல் போய்விட்ட மாதிரி.

இந்தச் செய்தி மெல்ல மெல்லப் பரவியது. ஹறோவிலிருந்து யாரோ போன் செய்தார்கள், ஈஸ்ட்ஹாமிலிருந்து யாரோ. அந்தக் குளிர்காலங்களில் லண்டனின் வானிலையை எங்கள் சனங்கள் அறிந்த அளவுக்குத் தொலைக்காட்சிக்காரன் அறிந்திருக்கவில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். எட்மண்டன் பஸ் ஒன்றில் ஒரு ஜமேக்காக்காரக் கண்டக்டர் இருந்தார். தவமலர் மேல்தட்டில் முன்னிருக்கையில் இருக்கும்போது இடது பக்கம் மேகம் கிழிந்தால், அவர் மணியை இரண்டு தரம் அடிப்பாராம். பிரயாணிகள் எல்லோரும் இடது பக்கம் எட்டிப் பார்ப்பார்களாம். பஸ் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம். நான் கண்ணால் காணவில்லை. ஆனால் சாய்ந்தது என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

கோடையில் கதை வேறு. காலை ஐந்து மணிக்கே வந்து குந்திய சூரியன் இரவு ஒன்பதுக்கும் போகமாட்டான். தவமலருக்குக் கன்னத்தில் சதை போடும். குளிர் தொடங்கக் கன்னம் இறங்கும். கோடைக்கு ஓர் அளவு, குளிருக்கு ஓர் அளவு என்று சட்டைகளை அவளே தைத்து வைத்திருந்தாள்.

பசியின் இரண்டாம் நாளைப் பற்றி அவள் சொல்லும்போது பயப்படவேண்டும். கேட்பவருக்கும் ஆசை வந்துவிடும். உடம்பு பஞ்சாகிவிடுமாம். தெருவில் நடந்தால் கால் நிலத்தில் படுகிறதா இல்லையா என்று தெரியாதாம். பனிப்புகாருக்குள்ளிருந்து சிவப்புப் பஸ் மெல்ல மெல்லப் பெருத்து வருவது, கடலுக்குள்ளிருந்து ஏதோ எழும்புவது மாதிரி இருக்குமாம். பழக்கடையில் அடுக்கியிருக்கும் ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள் ஒவ்வொன்றும் உள்ளே விளக்கேற்றிக்கொண்டு அவளைப் பார்க்குமாம். ஒருநாள் பஸ்ஸில் கண்ணயர்ந்தபோது, பக்கத்து இருக்கையில் நீளக் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் வந்து இருந்தார். கோட்டின் பொத்தான் ஓட்டைகளால் வெளிச்சம் கசிந்தது. "தங்கச்சி, எனக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துவருதில்லை," என்று சொல்லி, கோட்டை இன்னும் இறுக்கிப் போர்த்துக்கொண்டார். கண் விழித்துப் பார்த்தால் இருக்கை வெறுமை. ஆனால் சூடு இருந்தது. சபாரத்தினம் இதைக் கேட்டுவிட்டு, அது பஸ்ஸின் ஹீற்றர் என்றார்.

அவளுடைய மனத்தில் கணக்கு மிகத் தெளிவாக இருந்தது. ஒரு நுனி அவள் கையில், மறுநுனி கணேசலிங்கத்தின் இடுப்பில். இந்தக் கயிற்றை விட்டால் பிள்ளை போய்விடுவான். ஊரில் குண்டு விழுந்த செய்திகள் வந்தபோதெல்லாம் அவன் தப்பியிருந்தான். தொண்ணூற்றொன்றில் அவன் கொழும்புக்கு வந்து, களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் புறப்பட்டான். பாங்கொக்கில் கொஞ்ச மாதம், பிறகு மொஸ்கோ, பிறகு எங்கேயோ பெயர் தெரியாத குளிரான இடங்கள். எப்போதாவது போன் வரும். அப்போதும் அவன் உயிரோடு இருந்தான். நேர்த்தி வேலை செய்கிறது என்பதற்கு அவளுக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

தொண்ணூற்றுமூன்று சனவரியில் அவன் ஹீத்ரோவில் வந்து இறங்கினான். கள்ளப் பாஸ்போட். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் அவனை மறித்து வைத்தார்கள். உள்ளே விடுவதா, அடுத்த விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புவதா என்று திங்கட்கிழமை முடிவு சொல்வார்கள் என்று வழக்கறிஞர் சொன்னார். சனிக்கிழமை பார்க்கப் போகலாம்.

சனிக்கிழமை விடியும்போது தவமலருக்குச் சூரியனைக் காணாத மூன்றாம் நாள். இடியப்பமும் சொதியும் சம்பலும் செய்து அடுக்குப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மெற்றில்டா.

"எடி, வெயிலடி! நல்ல மஞ்சள் வெயில்! கார் இருக்குத்தானே, உன்ர மனுசனைக் கூட்டிக்கொண்டு உடனே வா!"

சபாரத்தினம் கோட்டைப் போட்டுக்கொண்டே, "மோர்டனாலை சுத்திப் போவமே?" என்றார். கேலியில்லாமல் கேட்டார். அந்த வாரம் அவருக்குக் கேலி வரவில்லை.

மோர்டன் போனால் பார்வை நேரம் தவறிவிடும். தவமலர் போனை வைத்துவிட்டு, "பிள்ளை பாத்துக்கொண்டிருப்பான்," என்றாள்.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். சபாரத்தினம் காரிலேயே இருந்தார். வாசலில் நின்ற காவலரின் சட்டையில் எட்வேட் என்று பெயர் குத்தியிருந்தது. ஆள் கதவளவு. வெளிச்சாப்பாடு உள்ளே விடுவதில்லை என்று சொல்லி, மிகவும் வருத்தத்தோடு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். சொதியின் வாசம் அவருக்கும் பிடித்திருந்தது போல.

யன்னலில்லாத அறை. மேலே குழல்விளக்கு ஒன்று முனகிக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் தாடியோடு ஒரு மனிதன் இருந்தான். ஏதோ அறையை மாறி வந்துவிட்டேன் என்று நினைத்துத் தவமலர் திரும்பிப் போகப் பார்த்தாள். "அம்மா," என்றான். அந்தக் குரல் மட்டும் மாறியிருக்கவில்லை.

அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பசியில் இலேசான தலைக்குள் அந்த அறை ஒரு வள்ளம்போல் ஆடிக்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்வாள்.

"சாப்பிட்டீங்களோ அம்மா?"

"அதை விடு. நீ சாப்பிட்டியோ?"

அவன் தாடியைச் சொறிந்தான். கூடவே உள்ளே வந்து மூலையில் நின்ற எட்வேட் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: வியாழக்கிழமையிலிருந்து உணவைத் தொடவில்லை, அம்மா. எதற்கென்று கேட்டாலும் சொல்கிறானில்லை. இப்படியே போனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டிவரும்.

"ஏன் ராசா? என்ன செய்யுது?"

"முந்தநாள் தொடங்கி வெயில் இல்லை," என்றான் கணேசலிங்கம். "என்ர அறையில ஒரு சின்ன யன்னல் இருக்கு. பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"அப்பாதான். போனில சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர், அம்மா வெயில் தேடி ரெயில் ஏறுறா எண்டு. எனக்குச் சிரிப்பு வரேல்லை. பாங்கொக்கில சோத்துக் கோப்பையை முன்னால வைச்சுக்கொண்டு, லண்டனில இப்ப மழையோ வெயிலோ எண்டு யோசிப்பன். லொறிக்குள்ள ஒரு துண்டுப் பாண் கிடைச்சாலும் அதே யோசினைதான். ஒரு வாய் ஒழுங்கா இறங்கேல்லை அம்மா. நான் உயிரோட இருக்கவேணும் எண்டு நீங்கள் பட்டினி. நீங்கள் பட்டினியெண்டு எனக்குத் தொண்டை அடைக்குது. இது என்ன நேர்த்தி?"

"அப்பிடிச் சொல்லாதை அப்பு. திங்கட்கிழமை முடியட்டும். இன்னும் ஒரு வாசற்படிதான் கிடக்கு. இவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு வந்திட்டு இப்ப போய் முறிச்சால்…"

"முறிச்சால்?"

அந்தச் சொல்லை அவள் வாயில் எடுக்கவில்லை. விமானம் ஒன்று கட்டடத்துக்கு மேலால் தாழப் பறந்து போனது.

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ," என்றான் மகன். "பேந்து நான் சாப்பிடுறன். இல்லாட்டி இப்பிடியே ரெண்டு பேரும் இருப்பம். பிடிவாதம் எனக்கும் ஏலும். நானும் உங்கட பிள்ளைதானே?"

தவமலர் அவனுடைய கழுத்தைப் பார்த்தாள். இரண்டு எலும்புக்கு நடுவே குழி விழுந்து, அதில் நாடி துடித்துக்கொண்டிருந்தது. குழல்விளக்கின் முனகல் தேனீக்கூட்டம்போலப் பெருத்து அறையை நிறைத்தது. இத்தனை காலமும் அவள் இறுக்கிப் பிடித்திருந்த கயிற்றின் மறுநுனி அவன் இடுப்பில் இல்லை. அது தொண்டையைச் சுற்றிக் கிடந்தது. அவள் இழுக்க இழுக்க அங்கே இறுகியிருக்கிறது. பாங்கொக்கிலும், மொஸ்கோவிலும், லொறிக்குள்ளும்.

அவள் எட்வேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "பிரெட், பிளீஸ்," என்றாள். "அண்ட் ரீ."

தட்டில் பட்டர் பூசிய பாண் வந்தது. கடதாசிக் கிண்ணத்தில் பால் தேத்தண்ணி. பழக்கத்தில் அவள் தலை மேலே நிமிர்ந்தது. அங்கே குழல்விளக்குத்தான். அதற்குக் கும்பிடு போட அவள் ஒன்றும் விசரியல்ல. தலையைக் குனிந்து, பாணில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்து மகனின் வாயில் வைத்தாள். இருபத்தைந்து வயதுத் தாடிக்காரன் வாயைத் திறந்து வாங்கினான். எட்வேட் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவித்தலை மிகுந்த அக்கறையோடு வாசிக்கத் தொடங்கினார்.

அந்தப் பாண் பஞ்சு மாதிரி இருந்தது என்பாள் தவமலர். லண்டன் பாணைப் பற்றி அவள் நல்லதாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எட்வேட் நாலு தரம் போய்ப் பாண் கொண்டுவந்தாராம். நான் சொல்லும்போது அதை எட்டாக்கிவிடுவது வழக்கம்.

காருக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தியதும், "பிள்ளை சாப்பிட்டான்," என்றாள். "நானும் சாப்பிட்டன்."

சபாரத்தினம் சாவித் துவாரத்தில் திறப்பைப் போட்டவர் அதைத் திருப்பவில்லை. வானத்தை எட்டிப் பார்த்தார். சாம்பல். மனைவியைப் பார்த்தார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருடம் அந்த நேர்த்தியை நக்கலடித்த மனிதர்.

"ஏனப்பா? நாளண்டைக்கு முடிவு சொல்லப்போறாங்கள். இண்டைக்கே போய்… இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதே?"

"நீங்களோ கேக்கிறியள்?"

"நான் சும்மா கதைக்கிறதுதானே! அதுக்காக நீர் முறிக்கிறதே? அவர் கோவிச்சுக்கொண்டால்?"

"கோவிக்கமாட்டார்," என்றாள் தவமலர். "யமன் ஆர்ர பிள்ளை? சூரியன்ர. சனி ஆர்ர பிள்ளை? அதுவும் அவர்ர. அப்பிடிப்பட்ட ரெண்டைப் பெத்து வைச்சிருக்கிற தகப்பன், என்ர ஒண்டு பசி கிடந்ததுக்கு நான் என்ன செய்தனான் எண்டு விளங்காதவரே? காரை எடுங்கோ."

திங்கட்கிழமை முடிவு சொல்லவில்லை, தள்ளிப்போட்டார்கள். அடுத்த தவணையும் தள்ளிப் போனது. மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் தவமலர் காலையில் எழும்பி, முகம் கழுவி, கிழக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிட்டாள். சபாரத்தினத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை. வீட்டுப் பின்முற்றத்தில் கோட்டும் தொப்பியுமாய் நின்று, குப்பை போட வந்தவர்போலப் பாவனை செய்துகொண்டு, வானத்தைத் துருவிக்கொண்டிருந்தார். பௌதிகம் படிப்பித்த மனிதர் ஒரு கீற்று வெளிச்சத்தைக் கண்டால் ஓடி வந்து ஒரு பிஸ்கற் தின்பார். இல்லையென்றால் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்.

"இஞ்சாருங்கோ, வந்து சாப்பிடுங்கோ. ஒரு வீட்டுக்கு ஒரு விசர் போதும்," என்று அவள் உள்ளேயிருந்து சத்தம் போடுவாள்.

பெப்ரவரி கடைசியில் கணேசலிங்கத்தை விட்டார்கள். முழுதாக அல்ல, அவ்வப்போது வந்து கையெழுத்துப் போடவேண்டும், வழக்கு இன்னும் இழுபடும் என்றார்கள். ஆனாலும் விட்டார்கள். அவள் முறித்ததால் விட்டார்களா, முறித்தும் விட்டார்களா என்று மெற்றில்டாவும் சபாரத்தினமும் போனில் நெடுநேரம் வாதாடினார்கள். தவமலர் அந்த வாதத்தில் சேரவில்லை. ஆலங்கட்டி மழை கொட்டிய ஒரு பின்னேரத்தில் அவன் எட்மண்டன் வீட்டு வாசற்படியை மிதித்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வா, கம்பளம் நனையுது என்றுதான் அவள் முதலில் சொன்னாளாம்.

மறுநாள் காலை அவன் நெடுநேரம் தூங்கினான். வெளியே வெயிலா மழையா என்று தவமலர் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கவில்லை. புட்டு அவித்தாள். மகனின் பங்கை மூடிவைத்தாள். தன் பங்கைப் போட்டு, மேசையில் தனியே இருந்து, அவசரப்படாமல் முழுவதும் தின்று முடித்தாள். ஒன்பது மணிபோல் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவடியில் நின்றான். முதலில் மேசையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"சாப்பிட்டீங்களோ அம்மா?"

"ஓம்."

அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூடியைத் திறந்தான்.